மெல்லும் இடத்தில் வைத்த டெஃப்லான்: வைடெக் தாடைத் தகடு, ஒரு நிகழ்வு ஆய்வு

காதுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் விரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் உருண்டையாக ஒன்று முதலில் சுழலும். அப்புறம் முன்னால் சறுக்கிக்கொண்டு போகும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கு மேலே மண்டையோட்டில் ஒரு குழி இருக்கிறது. குழிக்கும் தலைக்கும் நடுவே ஒரு சின்னத் தட்டு, நார்த்திசுவால் ஆனது, இரண்டும் நேரடியாக உரசாமல் பார்த்துக்கொள்கிறது. குழியின் கூரை பலருக்கு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கூரைக்கு அந்தப் பக்கம் மூளை.

1983 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இந்தத் தட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் டெஃப்லான் பூசிய ஒரு தகட்டை வைத்துத் தைத்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் இருந்த வைடெக் என்ற நிறுவனம் செய்த தகடு அது. 20,000-க்கும் மேல் விற்பனைக்குப் போனது. பத்தாண்டு முடிவதற்குள் நிறுவனம் திவாலானது, தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. அதை வைத்துக்கொண்டவர்களில் பலர் அதற்குப் பிறகு பத்து, பதினைந்து அறுவைகளுக்கு ஆளானார்கள்.

தாடை அறுவையின் வரலாற்றில் இது மிகப் பெரிய தோல்விகளில் ஒன்று. வழக்கமாக இதை 'கெட்ட பொருள்' கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. டெஃப்லான் உரசினால் என்ன ஆகும் என்று தகடு பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. தெரிந்த விஷயம் எப்படித் தெரியாததாக ஆனது என்பதுதான் இந்த வழக்கில் தோண்ட வேண்டிய இடம்.

தட்டை ஏன் எடுத்தார்கள்

வாயைத் திறக்கும்போது 'டக்' என்று சத்தம், திடீரென்று தாடை பூட்டிக்கொள்வது, காதோர வலி: இவற்றோடு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. சிகிச்சைக்கு வருவதில் பெண்களே அதிகம். 1970களின் பிற்பகுதியில் மூட்டுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை பரவியபோது, இவர்களில் பலருக்கு அந்தத் தட்டு தன் இடத்தை விட்டு முன்னால் நழுவியிருப்பது தெரிந்தது. குற்றவாளி பிடிபட்ட மாதிரி ஆயிற்று. நழுவிய தட்டை இழுத்துத் தைப்பது, முடியாவிட்டால் எடுத்துவிடுவது என்று அறுவைகள் பெருகின.

பிற்பாடு எம்.ஆர்.ஐ. வந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், வலியே இல்லாத தன்னார்வலர்களில் 33 விழுக்காட்டினருக்கும் தட்டு நழுவித்தான் இருந்தது. மூன்றில் ஒருவர்! நழுவல் வலியோடு அடிக்கடி சேர்ந்து வருவது உண்மைதான். ஆனால் நழுவலைப் பார்த்தவுடனே கத்தியை எடுக்க அது காரணமாகாது. இது தெரியும்போது அறுவைகள் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

தட்டை எடுத்தால் வெற்றிடம் வரும். எலும்போடு எலும்பு உரசும், ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அதனால் நடுவில் எதையாவது வைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். முதலில் வைத்தது சிலிகோன் ரப்பர் தாள். அதுவும் கிழிந்து துகளாகி, கழுத்து நிணநீர்க் கணுக்கள் வரை போய்ச் சேர்ந்ததாக 1985-ல் அறிக்கை வந்தது. ஆனால் 1983-ல் அது 'ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பொருள்'. இந்த ஒரு சொற்றொடர் அப்புறம் எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பார்ப்போம்.

ஹூஸ்டனில் ஒரு பொருள், விகனுக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை

சார்லஸ் ஹோம்சி வேதிப் பொறியியல் படித்தவர். டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். டெஃப்லானோடு கார்பன் இழைகளைச் சேர்த்து, கடற்பஞ்சு மாதிரி ஓட்டைகள் நிறைந்த ஒரு பொருளைச் செய்தார். பெயர் புரோப்ளாஸ்ட். உடம்புக்குள் வைத்தால் அந்த ஓட்டைகளுக்குள் திசு வளர்ந்து நுழைந்து பொருளைப் பிடித்துக்கொள்ளும். முகத்தில் தாழ்ந்த இடத்தை எடுப்பாக்க, மோவாயைத் திருத்த எல்லாம் பயன்பட்டது. 1969-ல் வைடெக்கைத் தொடங்கினார். அசையாத இடத்தில், எடை விழாத இடத்தில் இந்தப் பொருள் ஓரளவு தன் வேலையைச் செய்தது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை நிபுணர், தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார். 1950களின் கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான் கிண்ணம். வழுக்கும் தன்மையில் அதற்கு இணை இல்லை. சுமார் 300 பேருக்கு வைத்தார். முதல் இரண்டொரு ஆண்டு நோயாளிகளும் மகிழ்ச்சி, அவரும் மகிழ்ச்சி. அப்புறம் கிண்ணங்கள் தேயத் தொடங்கின. உலோகத் தலை டெஃப்லானைக் குடைந்துகொண்டு உள்ளே போயிற்று. தேய்ந்த துகள்களைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியாகத் திசுவைத் திரட்டியது, பக்கத்து எலும்பு கரைந்தது. குற்றம் துகளுடையதுதானா என்று உறுதி செய்ய, சார்ன்லி டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஊசி போட்டுக்கொண்டார். மாதங்கள் கழித்து அங்கே கட்டிகள் எழும்பின. 1963 டிசம்பரில் 'லான்செட்' இதழில் கடிதமாக எழுதினார். அதற்கு முன்பே, 1962-ல், வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1967-ல் டூபாண்ட் நிறுவனம் ஹோம்சிக்கு எழுதியது. டெஃப்லானைத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டுமே செய்கிறோம், மருத்துவத் தரம் என்று எதையும் விற்பதில்லை என்று சொல்லி, சார்ன்லியின் அனுபவத்தையும் சுட்டிக்காட்டியது. பின்னாளில் நீதிமன்றத் தீர்ப்புகளில் இது பதிவானது. ஆகவே 'யாருக்கும் தெரியாது' என்று சொல்ல வழியில்லை.

எனக்குப் புரிந்த வரையில், எச்சரிக்கை தவறிப்போனதற்குக் காரணம் அந்தத் தகட்டுக்கு வைத்த பெயர். 'இன்டர்பொசிஷனல் இம்ப்ளான்ட்', அதாவது இடையில் வைப்பது. இடையில் வைப்பது என்றதும் அது ஒரு விரிப்பு, ஒரு மெத்தை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இடுப்பு மூட்டுக்காரர்கள் 'தாங்கி' என்று நினைத்த இடத்தில், தாடைக்காரர்கள் 'நிரப்பி' என்று நினைத்தார்கள். தாடை மூட்டில் பெரிய பாரம் விழாது என்ற நம்பிக்கையும் அப்போது பலரிடம் இருந்தது. மெல்லும்போது மட்டுமா, பேசும்போது, எச்சில் விழுங்கும்போது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும்போது என்று நாள் முழுக்க உழைக்கிற மூட்டு இது.

90 நாள் கடிதம்

அமெரிக்காவில் மருத்துவச் சாதனங்களுக்கான சட்டம் 1976 மே மாதம் வந்தது. அதற்கு முன்பே சந்தையில் இருந்தவை அப்படியே தொடரலாம். புதிதாக வருவது, பழைய ஒன்றுக்கு 'சாரத்தில் சமமானது' என்று காட்டினால் போதும். 90 நாளுக்கு முன் உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டு விற்கலாம். மனிதர்களிடம் நடத்திய சோதனை முடிவு கட்டாயமில்லை. சட்டப் பிரிவின் பெயரால் இதை 510(கே) வழி என்பார்கள்.

புரோப்ளாஸ்டின் மேல் டெஃப்லான் படலம் ஒட்டிச் செய்த வைடெக்கின் தகடு 1983-ல் இந்த வழியில்தான் நுழைந்தது. எதற்குச் சமம் என்று காட்டியது? அந்தச் சிலிகோன் தாளுக்கு. தாடை மூட்டில் நிரந்தரமாக வைக்கத் தகுந்தது என்று சிலிகோன் தாளை யாராவது நிரூபித்திருந்தார்களா? இல்லை, 1976-க்கு முன்பே இருந்தது, அவ்வளவுதான். சிலிகோன் ரப்பரும் டெஃப்லான் படலமும் தேய்மானத்தில் ஒன்றுபோல நடக்குமா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

அறுவை நிபுணர்கள் ஏன் நம்பினார்கள் என்று கேட்டால், அவர்கள் கண்ணால் பார்த்தார்கள் என்பதுதான் பதில். ஆரம்பக் கட்டுரைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நலம் என்ற தொனி. வலி குறைந்தது, வாய் கூடுதலாகத் திறந்தது. வலியைக் கேட்டு எழுதினார்கள், முன்பற்களின் இடைவெளியை அளவுகோலால் அளந்தார்கள். சாதாரணமாக ஒருவர் தன் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிந்தால் திறப்பு சரி. அந்த அளவு வந்துவிட்டால் 'வெற்றி'. ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்த கணக்கு அது. சார்ன்லியின் டெஃப்லான் கிண்ணங்களும் அந்தக் காலகட்டத்தில் நன்றாகத்தான் இருந்தன. தகட்டைப் பற்றி ஆர்வமாக எழுதிய எல்லோரும் வெளியாட்களும் இல்லை. வைடெக் பின்னர் கொண்டுவந்த முழு மூட்டுப் பொருத்தியின் 'வி.கே.' என்ற பெயரில் இரண்டாவது எழுத்து ஓர் அறுவை நிபுணருடையது.

உள்ளே நடந்தது

நான்ஸ்டிக் தவாவில் தோசைத் திருப்பி பட்டுப் பட்டு பூச்சு உரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் வேண்டாம். தாடைத் தலை ஒவ்வொரு முறை சறுக்கும்போதும் மேற்படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. படலம் ஓட்டையானதும் அடியிலிருந்த பஞ்சு மாதிரியான புரோப்ளாஸ்ட் நொறுங்கியது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஆயிரக்கணக்கில் மூட்டுக்குள் பரவின.

துகளைத் தின்ன வந்த வெள்ளணுக்களால் அதைச் செரிக்க முடியவில்லை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து ராட்சதச் செல்களாகித் துகள்களைச் சூழ்ந்துகொண்டன. அந்த அழற்சி பக்கத்திலிருந்த எலும்பையும் கரைத்தது. கீழே தாடைத் தலை தேய்ந்தது, மேலே குழியின் கூரை மெலிந்தது. சிலருக்கு அந்தக் கூரை ஓட்டையாகி, தகட்டின் மிச்சம் மூளை உறையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

இதில் கொடுமை, வலி முதலில் வராமல் போனதுதான். எலும்பு பாதி கரைந்த பிறகும் சிலருக்கு வலி இல்லை. கேள்வித்தாளில் 'நலம்' என்றே எழுதினார்கள். முதலில் காட்டிக்கொடுத்தது கடிப்பு. தாடைத் தலை குட்டையாகக் குட்டையாகக் கீழ்த்தாடையின் பின்பகுதி மேலேறும், மோவாய் பின்வாங்கும். கடைவாய்ப் பற்கள் சீக்கிரம் முட்டிக்கொள்ளும், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே நிற்கும். ஒரு ரொட்டித் துண்டை முன்பல்லால் கடித்து இழுக்க முடியாது. பல் மருத்துவரிடம் போனால் பாவம், அவர் பல்லைத்தான் பார்ப்பார். முட்டுகிற கடைவாய்ப் பல்லை ராவி விடுவார். எலும்பு மேலும் கரையும், மறுபடி முட்டும். என்னைக் கேட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிப்பை மெழுகில் பதிவெடுத்து முந்தைய பதிவோடு ஒப்பிட்டிருந்தாலே சந்தேகம் முன்னதாக எழுந்திருக்கும். அது செலவில்லாத, பழைய காலத்து வேலை.

1987-ல் சி.டி. ஸ்கேன் மூலம் இந்தத் தகடு வைத்த மூட்டுகளைப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. எலும்பரிப்பு படத்திலேயே தெரிந்தது. அடுத்தடுத்து மற்றவர்களும் எழுதினார்கள். இதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1986-ல், தாடை மூட்டு நோயாளியான டெர்ரி கௌலி தன்னைப் போன்றவர்களுக்காக மில்வாக்கியில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். நாடெங்கும் இருந்து அங்கே வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரே கதை திரும்பத் திரும்பக் கேட்டது. 1990 ஜூனில் வைடெக் திவால் மனு கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உணவு மருந்து நிர்வாகம் அறுவை நிபுணர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. 1991-ல் தகடுகள் திரும்பப் பெறப்பட்டன, நோயாளிகளுக்கும் அறிவிப்பு போனது: வலி இல்லாவிட்டாலும் படம் எடுத்துப் பாருங்கள், எலும்பு கரைந்துகொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 1992 ஜூனில் அமெரிக்கக் காங்கிரசின் ஒரு துணைக்குழு விசாரணை நடத்தியது. தகட்டைப் பொறியில் பூட்டித் தேய்த்துப் பார்த்த ஆய்வொன்று அதே ஆண்டு வெளிவந்தது. சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்றது முடிவு. ஒரு பொறியும் பொறுமையும் இருந்தால் 1982-லேயே செய்திருக்கக்கூடிய சோதனை.

அதே வாய், வேறு ஊர்

ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்தில் அதே வாய்க்குள் நடந்த இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியம் திருகுகளை இறக்கினார். லார்சனுக்கு அப்போது 34 வயது. பிறவியிலேயே தாடைக் குறைபாடு, பற்கள் இல்லை. பிரோனமார்க் பல் மருத்துவரும் இல்லை. முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் குழாய் பொருத்தி உள்ளே ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆய்வு முடிந்து குழாயைக் கழற்றப் போனால் எலும்பு அதை விடவில்லை. அங்கிருந்து பிறந்தது இன்றைய பல் இம்ப்ளான்ட்.

பல் மருத்துவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. அதற்கு முன் வாயில் அடித்த ஆணிகளும் பதித்த தகடுகளும் பெரும்பாலும் ஆடிக் கழன்றவை. பிரோனமார்க் குழு எண்ணிக்கொண்டே இருந்தது. திருகைப் பதித்து, ஈறை மூடித் தைத்து, கீழ்த்தாடை என்றால் மூன்று நான்கு மாதம், மேல்தாடை என்றால் ஐந்தாறு மாதம் பாரமே கொடுக்காமல் விட்டார்கள். அதற்கப்புறம்தான் பல்லை ஏற்றினார்கள். வந்த நோயாளிகளில் பொறுக்கி எடுக்காமல் வரிசையாக அத்தனை பேரையும் கணக்கில் சேர்த்தார்கள். 1981-ல் வெளியிட்ட 15 ஆண்டுக் கணக்கில் 371 பேர், 410 தாடைகள், 2,768 திருகுகள். தொடக்க காலத்துத் தோல்விகளையும் தனிக் குழுவாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். கடிப்பு வலிமையையும் 1977-லேயே அளந்திருந்தார்கள். இம்ப்ளான்ட் பல் வைத்தவர்களின் கடி, கழற்றி மாட்டும் பல்செட்காரர்களை வெகுவாக மிஞ்சி, இயற்கைப் பல் உள்ளவர்களின் பக்கத்தில் வந்து நின்றது. 1982-ல் டொரோன்டோ மாநாட்டில் வட அமெரிக்கப் பல் மருத்துவம் இதை ஏற்றுக்கொண்டது.

டொரோன்டோ 1982. வைடெக் தகட்டின் அனுமதி 1983. நடுவில் ஓராண்டு.

இந்த ஒப்பீடு முழுக்க நியாயமானது இல்லை. பல் இம்ப்ளான்ட் அசையாமல் நிற்க வேண்டியது, மூட்டுத் தகடு அசைவுக்கு நடுவில் வாழ வேண்டியது. இரண்டாவது பல மடங்கு கடினம். ஸ்வீடன்காரர்களுக்கு டைட்டேனியம் தற்செயலாகவே கையில் கிடைத்தது. ஆனாலும் 15 ஆண்டு எண்ணிய பின் விற்பதற்கும், விற்ற பின் எண்ணத் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளின் மேல் போட்டுவிட முடியாது. லார்சன் 2006-ல் இறந்தார். அதுவரை அந்தத் திருகுகள் 40 ஆண்டுகளுக்கும் மேல் அவர் வாயில்தான் இருந்தன.

எடுத்த பிறகு

தகட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார்கள். தீரவில்லை. தகடு வெளியே வந்தாலும் துகள்கள் திசுவுக்குள் ஊறிக் கிடந்தன. ராட்சதச் செல்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. விலா எலும்பின் துண்டை வைத்துப் புதுத் தலை செய்தார்கள், அதையும் அவை கரைத்தன. காதின் குருத்தெலும்பு, நெற்றியோரத் தசை, தோலின் அடிப்பகுதி என்று சொந்த உடம்பிலிருந்து எதை வைத்தாலும் பெரும்பாலும் தோற்றது. 1993-ல் வந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட எந்த முறையும் மூன்றில் ஒருவருக்குக்கூட முழுமையாகத் தேறவில்லை. ஒவ்வொரு அறுவையும் தழும்பைக் கூட்டியது, நரம்பைப் புண்படுத்தியது, வாயின் திறப்பைக் குறைத்தது. முன்பு எத்தனை அறுவை ஆனதோ அதற்கேற்ப அடுத்ததன் பலன் குறைகிறது என்பது இத்துறையில் திரும்பத் திரும்ப உறுதியான ஒன்று. அந்த அறிவின் பெரும்பகுதி இவர்களின் உடம்பிலிருந்து வந்தது.

வழக்கு போட வைடெக் இல்லை. ஹோம்சி சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். அதனால் நோயாளிகள் டூபாண்டின் மீது நூற்றுக்கணக்கில் வழக்கு தொடுத்தார்கள். ஒரு தகட்டில் இருந்த டெஃப்லானின் விலை சுமார் 5 சென்ட். மூலப்பொருள் விற்றவர், வாங்கியவர் செய்த பொருளுக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் டூபாண்டின் பக்கமே தீர்ப்பளித்தன. டூபாண்ட் ஜெயித்தது. ஆனால் வழக்குச் செலவைப் பார்த்து மிரண்ட மூலப்பொருள் நிறுவனங்கள் மருத்துவத் துறைக்கு விற்பதையே நிறுத்தத் தொடங்கின. அவர்களைப் பாதுகாக்க 1998-ல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. நோயாளிகளுக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததாகச் சொல்ல எதுவும் இல்லை.

தாடை மூட்டுப் பொருத்திகளைக் கடுமையான மூன்றாம் வகுப்புக்கு மாற்றி, மனிதர்களிடம் நடத்திய ஆய்வு இல்லாமல் அனுமதி இல்லை என்று ஆக்கினார்கள். 1996-ல் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, பெரும்பாலான தாடை மூட்டு நோயாளிகளுக்குத் திரும்பப் பெறக்கூடிய எளிய சிகிச்சைகளே முதலில் என்றது: மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், பயிற்சி, வலி மாத்திரை. சாய எக்ஸ்ரே வருவதற்கு முன் நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வேறு வழியே இல்லாதவர்களுக்கான முழு மூட்டு மாற்று ஒன்று புதிய விதிகளின்படி 1999-ல் அனுமதி பெற்றது. ஒவ்வொரு நோயாளியின் சி.டி. படத்தை வைத்து மண்டையோட்டின் மாதிரியை வார்த்து, அதன் மேல் அளவெடுத்துச் செய்வது. வைடெக் தகட்டால் மூட்டை இழந்த பலர் கடைசியில் வந்து சேர்ந்தது இதில்தான். வலி குறைந்தது, வாய் திறந்தது. பழைய தகட்டின் கை படாதவர்களுக்குக் கிடைத்த அளவுக்கு இல்லை. இவர்களைச் சிலரை இருபது ஆண்டுகள் தாண்டியும் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்த மூட்டின் கீழ்ப்பகுதியில் தண்டு டைட்டேனியக் கலவை, தலை கோபால்ட்-குரோமியக் கலவை, தாடை எலும்போடு திருகால் பூட்டியது. மேல் கிண்ணம் அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். டெஃப்லானைக் கைவிட்டுவிட்டு 1962-ல் சார்ன்லி இடுப்புக்கு எடுத்துக்கொண்ட அதே பிளாஸ்டிக்.